அவிட்டத்தில் அடைத்த வீடு

1946-ஆம் வருஷம் அருப்புக்கோட்டையில் ஒரு வீடும் காலியாகக் கிடக்கக் கூடாது என்று சர்க்கார் முடிவு செய்தது. சோணைமுத்துவுக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை. அவருடைய வீடு காலியாக இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதில்தான் அவருக்கும் சர்க்காருக்கும் ஒத்துப்போகவில்லை.

சோணைமுத்து மிளகாய் வற்றல் வாங்கி விற்பவர். வியாபாரி என்று சொன்னால் மற்ற வியாபாரிகள் சிரிப்பார்கள். காரியாபட்டிச் சந்தையிலும் திருச்சுழிச் சந்தையிலும் வெள்ளாமை செய்கிற சம்சாரிகளிடம் நாலு மூட்டை, ஐந்து மூட்டை பிடித்து, கொண்டுவந்து காயவைத்து, காம்பு கிள்ளி, டவுனில் மண்டிக்குப் போடுவார். பாளையம்பட்டி போகிற பக்கத்தில், தெருவின் கடைசி ஓட்டு வீடு அவருடையது. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் உள்ளறை, ஓரமாக அடுப்படி. கொல்லையில் உப்புத் தண்ணீர்க் கிணறு ஒன்று, அதையொட்டி வற்றல் கொட்டகை. பிள்ளைகள் கிடையாது. மனைவி சண்முகவடிவு ஒருத்திதான்.

சண்முகவடிவு முப்பத்து நாலு வருஷத்தில் ஒருநாளும் சந்தைக்குப் போனதில்லை. ஆனால் காரியாபட்டியில் எந்தத் தரகருக்கு எந்தப் பல் விழுந்தது என்பது அவளுக்குத் தெரியும். சோணைமுத்து விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பி, கால் கழுவி உட்கார்ந்து, அன்றைய சங்கதியைச் சொல்லுவார். வெறுமனே சொல்லமாட்டார். எதை முதலில் சொல்வது, எதைக் கடைசிவரை அடக்கி வைப்பது என்று வருகிற வழியெல்லாம் மனசுக்குள் கோத்துக்கொண்டே வருவார். சந்தைக்குப் போவதே இதற்குத்தான், வற்றல் வாங்குவது ஒரு சாக்கு என்றுகூடச் சொல்லலாம். அவர் வியாபாரத்தில் பெரிதாக முன்னுக்கு வராததற்கு இதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

ஐப்பசி பன்னிரண்டாம் தேதி காலை பதினொரு மணிக்குச் சண்முகவடிவு காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவள் அப்படியே முறத்தின் மேல் சாய்ந்தாள். அந்த நேரத்தில் சோணைமுத்து காரியாபட்டியில் ஒரு மூட்டைக்கு அரை மணி நேரமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பேரம் படிந்தது. போதாததற்கு அன்றைக்குச் சந்தையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஆடு மேய்க்கிற கீதாரி ஒருவன் தன் சோற்று மூட்டையை மேய்ந்த திருட்டு ஆடு ஒன்றைக் கையும் களவுமாகப் பிடித்து, போலீஸுக்கு ஆள் அனுப்பி, கூட்டம் கூட்டி, கடைசியில் அது தன் சொந்த ஆடு என்று கண்டுகொண்டான். இதை எப்படிச் சொல்லலாம் என்று கோத்துக்கொண்டே சோணைமுத்து, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறினார். பஸ் இரண்டு இடத்தில் நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். தள்ளும்போதும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். தெருமுனைக்கு வந்தபோது மணி நாலு. தம் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் நினைத்துவிட்டார்.

பஞ்சாங்கம் பார்க்கிற ரத்தினம் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்தார்.

"அவிட்டம்யா. ஆறு மாசம் அடைப்பு."

கூட்டம் இரண்டடி பின்னால் போனது. அவிட்டத்தில் போன உயிர் உடனே போகாது, ஆறு மாசத்துக்கு அந்த வீட்டையே சுற்றிக்கொண்டு கிடக்கும், அதுவரை வீட்டைப் பூட்டிவிட வேண்டும், உள்ளே மனித வாசம் ஆகாது என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உடலையும் வாசல் வழியாக எடுக்கக் கூடாது. உள்ளறையின் பின்சுவரை உடைத்து அந்த வழியாக எடுத்துப்போய், அந்தத் திறப்பைப் பனையோலைத் தட்டியால் மறைத்துவிடுவது சோணைமுத்து வகையறாவின் வழக்கம்.

சோணைமுத்து தலை நிமிர்ந்தார்.

"ஆறு மாசம் இங்கனயேதான் இருப்பாளா?"

"இருப்பாக. அதுக்குத்தான பூட்டச் சொல்லுறது."

"நெசமாத்தானா?"

"நானா சொல்லுறேன்? சாஸ்திரம் சொல்லுதுய்யா."

"கூட ரெண்டு மாசம் கேட்டா கெடைக்குமா?"

துக்கத்தில் சிலருக்கு இப்படி ஆகும் என்று ரத்தினம் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

காரியம் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போனபிறகு சோணைமுத்து வீட்டைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டு வற்றல் கொட்டகைக்குக் குடிபோனார். வற்றல் மூட்டைகளுக்கு நடுவில் படுக்கிறவருக்குக் கண்ணில் தண்ணீர் வருவது சகஜம். அதனால் அவர் எப்போது அழுகிறார், எப்போது வெறுமனே கண் எரிகிறது என்று தெருவில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

முதல் நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் பூட்டிய வாசல்கதவின் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினார். பிறகு அந்தக் கீதாரியின் கதையை ஆரம்பத்திலிருந்து, ஒன்றையும் விடாமல், சாவித்துவாரத்தின் வழியாகச் சொன்னார். ஆடு அவனுடையதுதான் என்பதைக் கடைசிவரை அடக்கி வைத்திருந்தார். சொல்லி முடித்ததும் சற்றே பொறுத்தார். உள்ளே சத்தம் ஒன்றும் இல்லை. செத்தவர்கள் சத்தமாகச் சிரிக்கமாட்டார்கள் என்று அவருக்கே தெரியும். எழுந்து போனார். மறுநாளும் வந்தார். அப்புறம் ஒருநாளும் தவறவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தண்டோரா போட்டார்கள். வீடு காலியானால் சொந்தக்காரர் ஏழு நாளைக்குள் எழுத்துமூலம் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், அதிகாரி விரும்பினால் அதைச் சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு ஒதுக்குவார், அவர் அனுமதி இல்லாமல் யாரையும் குடிவைக்கக் கூடாது என்று தமுக்கடிக்கிறவன் மூச்சுவிடாமல் சொன்னான். சோணைமுத்து கொட்டகைக்குள்ளிருந்து முழுவதையும் கேட்டார். வீட்டைக் காலியாக வைத்திருக்கிறவர்கள் பாடு கஷ்டம்தான் என்று இரக்கப்பட்டார்.

கார்த்திகை கடைசியில் சர்க்காரிடமிருந்து ஒரு காகிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு பூமிநாதனிடம் போனார்.

பூமிநாதன் தாலுகா ஆபீஸுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர். சோணைமுத்துவோடு சின்ன வயசிலிருந்து பழக்கம். வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு வேண்டிய சகல உதவிகளையும் அவர் ஒரு பலகையையும் ஒரு மைக்கூட்டையும் வைத்துக்கொண்டு செய்துவந்தார். வீடு காலி என்று தெரிவிக்கும் கடுதாசி எழுதுவார். தெரிவிக்காதவர்கள் மேல் மொட்டைக் கடுதாசி எழுதுவார். அந்த மொட்டைக் கடுதாசிக்குப் பதிலும் எழுதுவார். மூன்றும் ஒரே கையெழுத்து என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். படிக்கத் தெளிவாக இருந்ததால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

காகிதத்தை வாசித்த பூமிநாதன், "ஒம் மேல மொட்டைக் கடுதாசி போயிருக்குலே" என்றார்.

"எவன் எழுதுனான்?"

"எழுதுனது நான். எழுதச் சொன்னது யாருன்னு கேக்காத. தொழில்ல அதச் சொல்லக் கூடாது."

"அடப்பாவி!"

"எதுக்குலே வையுற? இப்ப ஒனக்கும் நாந்தான எழுதப் போறேன். அதுல எங்கன ஓட்டைன்னு எழுதுனவனுக்குத்தான தெரியும்?"

அந்த நியாயம் சோணைமுத்துவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பூமிநாதன் பாடம் சொல்லிக்கொடுத்தார். அதிகாரி முன்னால் நிற்கும்போது வேறெதுவும் பேசக் கூடாது. 'அந்த வீட்டில் நான்தான் குடியிருக்கிறேன், வியாபார விஷயமாக வெளியூர் போகவர இருக்கிறேன்' என்று மட்டும் சொல்ல வேண்டும். சோணைமுத்து அதை நாலுதரம் ஒப்பித்துக் காட்டினார்.

மார்கழியில் விசாரணை. அதிகாரி வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், மூக்குக்கண்ணாடி போட்ட சாந்தமான மனிதர். பக்கத்தில் குமாஸ்தா பேனாவோடு உட்கார்ந்திருந்தார். பூமிநாதன் கதவோரம் நின்றார்.

"வீடு எத்தனை நாளா காலியா இருக்கு?"

"காலியா இல்லீங்கய்யா."

"யார் குடியிருக்காங்க?"

"என் சம்சாரங்க."

கதவோரத்திலிருந்து ஓர் இருமல் கேட்டது.

"பேர்?"

"சண்முகவடிவுங்க."

குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

"வயசு?"

"அம்பத்தொண்ணுங்க. அதுக்கு மேல ஆகாதுங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "ஏன் ஆகாது?"

"அவிட்டத்துல செத்துப்போச்சுங்க. ஆறு மாசம் அடைப்பு. சித்திரை பன்னெண்டு வரைக்கும் இருக்குங்க."

குமாஸ்தாவின் பேனா நின்றது. எழுதியதை அடிப்பதா, விடுவதா என்று அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க வீட்லயும் உண்டு இது. எங்கப்பாவுக்கு மூணு மாசம் அடைச்சோம்." சட்டப் புத்தகத்தை எடுத்து நிஜமாகவே பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இதுல அவிட்டத்துக்கு இடமில்லையே, பெரியவரே. ஒண்ணு செய்யலாம். சொந்தக்காரரே குடியிருந்தா சட்டம் ஒண்ணும் பண்ணாது. பூட்டைத் திறந்து நீங்க உள்ள போயிடுங்க. கேஸை முடிச்சிடறேன். ஒரு வாரம் டைம் தர்றேன்."

வெளியே வந்ததும் பூமிநாதன் வேட்டியை மடித்துக்கட்டினார்.

"ஏலே, அந்த மனுசன் தங்கமான மனுசன். சாவியத் திருப்பு, உள்ள போ, வீடு ஒனக்கு. ஒருக்கா வேத்தாளு உள்ள வந்துட்டான்னா அப்பறம் நீ தலகீழா நின்னாலும் வெளியேத்த முடியாது. அதுக்கு ஒரு மனு, அதுக்கு ஒரு அப்பீலு, எனக்கே எழுதி எழுதிக் கை நொந்துபோவும்."

"நான் தெறந்தா அவ போயிருவாளே."

"சர்க்காரு தெறந்தாலும் போயிருவாகல்ல?"

"போனாப் போறா. எங்கையால வேணாம்."

"கிறுக்குப்பயலே, வீடு போயிரும்லே!"

சோணைமுத்து ரத்தினத்திடம் போய்க் கேட்டார். ரத்தினம் யோசித்து, உறவுக்காரன் திறந்தால் தோஷம் உறவுக்காரனுக்கு, சர்க்கார் திறந்தால் தோஷம் சர்க்காருக்கு என்று சொன்னார். வெள்ளைக்காரன் இன்னும் கொஞ்ச நாளில் போகப்போகிறான், அந்தத் தோஷத்தை எடுத்துக்கொண்டே போகட்டும் என்றும் சொன்னார்.

அந்த ஏழு நாளும் சோணைமுத்து சாயங்காலத்தில் கதவின் முன்னால் உட்கார்ந்து சந்தைச் சங்கதியோடு நிறுத்திக்கொண்டார். விசாரணையைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஒருநாள் மட்டும் சாவியை எடுத்துப் பூட்டில் வைத்தார். சாவி உள்ளே போனது. திருப்பவில்லை. முப்பத்து நாலு வருஷத்தில் அவளை ஒருநாளும் வீட்டை விட்டுப் போ என்று அவர் சொன்னதில்லை. கோபத்தில்கூடச் சொன்னதில்லை. சாவியை உருவி மறுபடி அரைஞாணில் கோத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் உத்தரவு வந்தது. வீடு ரேஷன் ஆபீஸ் குமாஸ்தா ஜெபதுரைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. உள்ளறைப் பின்சுவரில் உள்ள திறப்பை உரிமையாளர் தம் செலவில் அடைத்துக்கொடுக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது.

கொத்தனார் சீனிச்சாமி அடைப்பு வீட்டுச் சுவரைத் தொடமாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். சோணைமுத்து தாமே மண் குழைத்தார். தட்டியை எடுத்து வைத்துவிட்டு, உள்ளே பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெளியிலிருந்தே கல்லை அடுக்கினார். பார்க்காமல் கட்டியதால் சுவர் கோணலாகப் போயிற்று. கடைசிக் கல்லை வைக்கும் முன் அந்த ஓட்டையில் வாயை வைத்தார்.

"உள்ள ஆளுக வரப் போறாக. பயந்துக்கிறாத. நல்லவுகன்னுதான் சொல்லுதாக" என்று சொல்லிவிட்டுக் கல்லை வைத்துப் பூசினார்.

தை மாதம் மூன்றாம் தேதி ஆபீஸ் பியூன் சாவி கேட்டு வந்தார். சாவி தொலைந்துபோயிற்று என்றார் சோணைமுத்து. சாவி அவர் இடுப்பில் வேட்டிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பியூன் அதைப் பார்த்தார். சோணைமுத்துவும் பார்த்தார். பியூன் ஒரு கருங்கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தார். அந்த உத்தியோகத்திலும் சில நல்ல மனிதர்கள் இருந்தார்கள்.

ஜெபதுரை, அவர் மனைவி ரூத், நாலு பிள்ளைகள் ஒரு வண்டிச் சாமானோடு அன்றைக்கே வந்து இறங்கினார்கள். அதுவரை மிஷன் பள்ளிக்கூடத்து வராந்தாவில் மூன்று மாசம் ஓட்டியவர்கள். எதிர்வீட்டு மாரிக்கனி ரூத்தைத் தனியாகக் கூப்பிட்டு அவிட்டத்தைப் பற்றி எச்சரித்தாள்.

"நாங்க வேதக்காரங்க அக்கா, நட்சத்திரம் பாக்கமாட்டோம்" என்றாள் ரூத். "அதோட எங்க வீட்டுக்காரரு ரேஷன் ஆபீஸுல இருக்காரு. சீனி வாங்க வாற கூட்டத்தையே பாத்தாச்சு, இனி ஆவி வந்து என்ன செய்யப் போவுது?"

இப்படியாகச் சோணைமுத்து, தாம் கேட்காமலே, வாடகைக்கு வீடு விட்டவர் ஆனார். பூமிநாதன் வேப்பமரத்தடியில் வைத்து அவருக்குக் கடமைகளை எடுத்துச் சொன்னார்.

"வாடகைய அதிகாரி நிர்ணயம் பண்ணுவாரு. வாங்குனா ரசீது குடுக்கணும். கெணத்துல தண்ணி எறைக்காதன்னு சொல்லக் கூடாது. ஓடு ஒழுகுனா நீதான் மாத்தணும். நெனச்ச நேரத்துக்குப் போயிக் கதவத் தட்டக் கூடாது. எலே, கேக்கியா?"

"கேக்கேன். ஒழுகுதான்னு பாக்கப் போவலாம்ல?"

"ஒழுகுனாப் போவலாம்."

"ஒழுகுதான்னு எப்பிடித் தெரியும், போவாம?"

பூமிநாதன் சட்டத்தில் இந்த இடத்தை யோசித்ததில்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் சோணைமுத்து கதவைத் தட்டினார். ரூத் திறந்தாள்.

"ஓடு ஒழுகுதா தாயி?"

"மழை பேஞ்சு ரெண்டு மாசமாச்சே அண்ணாச்சி."

"ஆமா. இன்னைக்குக் காரியாபட்டியில வத்தல் வெல ஏறிப்போச்சு. நம்ம சம்முகம் தரகரு குடையத் தொலைச்சிட்டாரு. தேடு தேடுன்னு தேடுனாரு. கடைசியில பாத்தா அவரு கக்கத்துலயே இருக்கு."

ரூத் மரியாதைக்குச் சிரித்தாள். இவர் எதற்கு இவ்வளவு சத்தமாகப் பேசுகிறார் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் தோளுக்கு மேலே, உள்ளறைப் பக்கம் பார்த்தே பேசினார்.

மறுநாள் கதவுக் கொண்டி சரியாக விழுகிறதா என்று கேட்டார். அதற்கு மறுநாள் தேள் வருகிறதா என்றார். பிறகு கிணற்றுக் கயிறு, அடுப்படிப் புகை, கதவுக் கீல். ஓடுகளில் மட்டும் நாலு நாள் ஓடியது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சந்தைச் சங்கதி. அந்த ஊரில் வாடகை வீட்டின் நலத்தில் இத்தனை அக்கறை எடுத்துக்கொண்ட வீட்டுக்காரர் அதற்கு முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் இருந்ததில்லை.

தெரு சும்மா இருக்குமா? ஜெபதுரை ஆபீஸிலிருந்து வர இருட்டிவிடும். மனைவியை இழந்த மனிதர், புருஷன் இல்லாத நேரம் பார்த்துத் தினமும் போய்க் கதவைத் தட்டுகிறார் என்று குழாயடியில் பேச்சு கிளம்பியது. "ஐம்பத்தேழு வயசுக்குக் கொண்டி கேக்குதாம்ல கொண்டி!" என்று ஒருத்தி சொன்னது ரூத்தின் காதில் விழுந்தது. அவள் ராத்திரி சாப்பிடவில்லை. ஜெபதுரை சண்டைக்காரர் இல்லை. பூமிநாதனிடம் போனார்.

மாசி இரண்டாம் தேதி மத்தியானம் திருச்சுழியிலிருந்து திரும்பிய சோணைமுத்துவைக் கூப்பிட்டனுப்பி, பூமிநாதன் ஒரு காகிதத்தை நீட்டி வாசித்தார்.

"'மேற்படி வீட்டின் உரிமையாளர் தினசரி விளக்கு வைக்கும் நேரத்தில் கதவைத் தட்டி, ஓடு, கொண்டி, தேள் ஆகியவற்றை விசாரிப்பதன் மூலம் குடித்தனக்காரரின் நிம்மதிக்குப் பங்கம் விளைவித்து வருவதால்…' இத நாளைக்குக் காலையில ஆபீஸுல குடுக்கப் போறாரு அந்த மனுசன். ஏன்லே இந்தக் காரியம் பண்ணுற? ஊரு என்ன பேசுதுன்னு தெரியுமா?"

"என்ன பேசுது?"

பூமிநாதன் சொன்னார். சோணைமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் முகம் கறுத்தது. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னைக்குச் சாயங்காலம் போவாத. சொல்லிட்டேன்" என்றார் பூமிநாதன்.

போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். கதவைத் தட்டவில்லை, கொஞ்சம் தள்ளி நின்று, "தாயி" என்று கூப்பிட்டார்.

ரூத் கதவைப் பாதி திறந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"இன்னைக்கு என்ன அண்ணாச்சி? தேளா, கொண்டியா?"

"ஒண்ணுமில்ல தாயி. ஒரு தப்பு நடந்துபோச்சு. நான் ஒன்னயப் பாக்க வரல."

"பெறகு?"

சோணைமுத்து தரையைப் பார்த்தார். "எம் பொஞ்சாதி உள்ள இருக்கா. சித்திரை வரைக்கும் இருப்பா. சாயங்காலமானா ஒரு சேதி சொல்லணும், அவ கேட்டுப் பழகிட்டா. பூட்டியிருக்கையில இங்கன ஒக்காந்து சொல்லுவேன். இப்ப நீங்க இருக்கீக. ஒங்கிட்டப் பேசுற சாக்குல சத்தமாச் சொன்னா உள்ள கேக்கும்னு… தெரு வேற மாதிரி நெனைக்கும்னு எனக்குத் தோணல தாயி. ஒங்களுக்கு அவமானம் வந்துபோச்சு. இனி வரமாட்டேன்."

ரூத் கதவைப் பிடித்தபடியே நின்றாள். அவளுக்கு ஆவியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒருமாதமாக இந்த மனிதர் தன் தோளுக்கு மேலே எதைப் பார்த்துப் பேசினார் என்று இப்போது தெரிந்துவிட்டது. பிள்ளைகளை வெளியே போய் விளையாடச் சொன்னாள். கதவை முழுவதும் திறந்தாள்.

"உள்ள வந்தே சொல்லிட்டுப் போங்கண்ணாச்சி. நான் கெணத்தடியில இருக்கேன்."

"வேணாம் தாயி."

"வாங்க. ஒங்க வீடுதான."

அடைப்பில் மனித வாசம் ஆகாது என்ற நினைப்பு வந்தது. உள்ளே ஏற்கனவே ஆறு பேர் ஒருமாதமாகச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தாயிற்று. சோணைமுத்து முன்னறையைத் தாண்டி உள்ளறைக்குப் போனார்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அவர் கோணலாக அடைத்த இடம்கூட வெள்ளைக்குள் மறைந்து, எது என்று தெரியவில்லை. சண்முகவடிவு முறத்தோடு உட்காரும் மூலையில் பிள்ளைகளின் சிலேட்டுகளை அடுக்கியிருந்தார்கள். கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள். அறை முழுக்கப் பிள்ளைகளின் தலைக்குத் தேய்த்த எண்ணெய் வாசம், வடித்த கஞ்சி வாசம். வற்றல் நெடி ஒரு பொட்டுக்கூட இல்லை. அவளிடம் எப்போதும் இருந்தது அந்த நெடிதான்.

"இன்னைக்குத் திருச்சுழியில…" என்று ஆரம்பித்தார்.

மேலே வரவில்லை. சங்கதி இல்லாமல் இல்லை, வரும் வழியிலேயே கோத்து வைத்திருந்தார். எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. சிலேட்டைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். பூட்டிய கதவின் முன்னால் இரண்டரை மாசம் ஒருநாளும் தடுமாறாத நாக்கு, கதவைத் திறந்ததும் அசையவில்லை. கதவு இருந்தவரை அதற்கு அந்தப் பக்கம் அவள் இருந்தாள். இப்போது அவரே அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். யாரும் இல்லை.

வெளியே பிள்ளைகள் ஒருவனை ஒருவன் ஏமாற்றிவிட்டதாகக் கத்தினார்கள். சோணைமுத்து மெல்ல வெளியே வந்தார்.

கிணற்றடியில் காலிக்குடத்தோடு நின்ற ரூத், "சொல்லிட்டீகளா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேன் தாயி" என்றார் சோணைமுத்து. பிறகு, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "சுவத்துக்கு நீங்க சுண்ணாம்பு அடிச்சிருக்க வேணாம். அது நான் செஞ்சு தரவேண்டியது" என்றார்.

ஜெபதுரை அன்றைக்கே அந்த மனுவைக் கிழித்துப்போட்டார். கொட்டகைக்கு வந்து மன்னிப்பும் கேட்டார். நாளைக்கும் வாருங்கள், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று புருஷனும் மனைவியும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். சோணைமுத்து சரி சரி என்று தலையாட்டினார். போகவில்லை. மறுநாள் விளக்கு வைத்ததும் ரூத் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அதற்கு மறுநாளும் காத்திருந்தாள். பிறகு கொசு வருகிறது என்று சாத்திவிட்டாள்.

சித்திரை பன்னிரண்டுக்கு இன்னும் அறுபத்தெட்டு நாள் இருந்தது. ரத்தினம் தெருவில் பார்த்து, அடைப்பு கழிக்கும் சடங்குக்கு என்ன செய்வதாக உத்தேசம் என்று விசாரித்தார். "அது கழிஞ்சுபோச்சு" என்றார் சோணைமுத்து. அதெப்படி நாள் இருக்கும்போதே கழியும் என்று ரத்தினத்துக்குப் புரியவில்லை. பஞ்சாங்கத்தை இரண்டாம் தரம் பார்த்தார்.

அடுத்த திருச்சுழிச் சந்தையில் நல்ல கூட்டம். மத்தியானம் இரண்டு மாட்டுத் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது, ஒருவன் விரலை மற்றவன் விடவே இல்லை. மாட்டைக் கொடுத்தால்தான் விரலைக் கொடுப்பேன் என்று அரை மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றான். சந்தையே சுற்றி நின்று சிரித்தது. சோணைமுத்துவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, விரலைப் பிடித்ததை முதலில் சொல்லக் கூடாது, மாட்டிலிருந்து ஆரம்பித்து அதைப் பின்னால் வைக்க வேண்டும் என்று கோக்க ஆரம்பித்தார். பாதியில் நின்றார். கொஞ்ச நேரம் கையிலிருந்த வற்றலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்தது. எப்போதும் அவரை ஏற்றிப்போகும் கருத்தப்பாண்டி வண்டியைப் பூட்டிவிட்டு வந்து கூப்பிட்டான்.

"மாமா, ஏறுங்க. இப்பக் கெளம்புனாத்தான் வெளக்கு வைக்கப் போயிச் சேரலாம்."

சோணைமுத்து மூட்டையைச் சரித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"நீ போப்பா" என்றார். "நான் காலையில வாரேன்."